சிறுவாணியைப் பழித்த மெட்ராஸ் மணி

போன வாரம் எங்கள் அபார்ட்மென்ட்டின் வாட்ஸ்அப் குரூப்பைப் பூட்டிவிட்டார்கள்.

பூட்டிவிட்டார்கள் என்றால், அட்மினைத் தவிர இனி யாரும் அதில் எழுத முடியாது. காரணம்? மொட்டை மாடியில் காயப்போட்ட வடகத்தை மிதித்தது யார் என்று ஆரம்பித்த பேச்சு, மூன்றே நாளில் ‘உங்கள் வளர்ப்பு அப்படி’ வரை வந்துவிட்டது.

அட்மின் பிரவீணா மூன்றாவது மாடியில் இருக்கிறாள். ஐ.டி. கம்பெனியில் வேலை. முப்பது வயதிருக்கும். லிஃப்ட்டில் என்னைப் பார்த்ததும் பொரிந்து தள்ளிவிட்டாள்.

“நாப்பத்தெட்டு வீடுங்க ஆன்ட்டி. ஆளுக்கொரு பேச்சு. அட்மினா இருக்கறது எத்தனை பாடுன்னு உங்க ஜெனரேஷனுக்குத் தெரியாதுங்க.”

நான் தலையை மட்டும் ஆட்டினேன். என்ன சொல்வது? லிஃப்ட் ஐந்தாவது மாடிக்குப் போவதற்குள் சொல்லி முடிக்கிற கதையா அது?

உங்களிடம் சொல்கிறேன். வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற பொறுமை உங்களுக்குத்தான் இருக்கிறது.

நானும் அட்மினாக இருந்தவள்தான். தொண்ணூறுகளின் நடுவில்... கோயமுத்தூரில் இன்டர்நெட் என்றால் ஏதோ புது பனியன் கம்பெனி என்று பாதிப் பேர் நினைத்திருந்த காலத்தில். அப்போது அந்தப் பதவிக்கு சிஸ்டம் ஆபரேட்டர் என்று பெயர். சுருக்கமாக, சிசாப். கேட்பதற்கு ஏதோ ஜமீன் பட்டம்போல இருந்ததால் எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் காலையில் மட்டும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் வீட்டில் சும்மா. ‘நல்ல இடம் அமையற வரைக்கும்’ என்பது அப்பாவின் ஏற்பாடு. சென்டரில் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று என் அறைக்கு வந்து சேர்ந்தது. பெங்களூர் சித்தப்பா ஒரு மோடம் கொடுத்தார். கூடவே ஒரு ஃப்ளாப்பியும் கொடுத்து, “இதைப் போட்டுப் பாரு, ஊர்க்காரங்க எல்லாரும் பேசிக்கலாம்” என்றார். சித்தப்பாவுக்கு எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது.

அந்த ஃப்ளாப்பியில் இருந்ததுதான் புல்லட்டின் போர்டு. இன்றைய ஆன்லைன் ஃபோரத்துக்கெல்லாம் மூத்தது. வேலை செய்கிற விதம் எளிது. என் கம்ப்யூட்டரை எங்கள் வீட்டு டெலிபோனோடு இணைத்துவிட வேண்டும். மோடம் வைத்திருக்கிற இன்னொருவர் தன் கம்ப்யூட்டரிலிருந்து எங்கள் நம்பருக்குப் போன் போடுவார். இரண்டு மோடமும் கீச்சுக் கீச்சென்று கத்தி, ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். அவர் உள்ளே வந்து, மற்றவர்கள் எழுதியதைப் படித்து, தன் கருத்தை எழுதிவைத்துவிட்டுப் போவார். அவர் போனால்தான் அடுத்தவர் வர முடியும். ஏனென்றால் இருப்பது ஒரே போன்.

‘ஊர்க்காரர்கள் எல்லாரும் பேசிக்கொள்ளும்’ இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும் என்பதில் இருந்த வேடிக்கை அப்போது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் ஊர் ஆற்றின் பெயரில் நொய்யல் போர்டு என்று பெயர் வைத்தேன். பெயருக்கு ஏற்ப, முக்கால்வாசி நாள் வறண்டுதான் கிடந்தது.

திறந்திருக்கும் நேரம் மதியம் இரண்டிலிருந்து நான்கு. அப்பா எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர். சாப்பிட்டுவிட்டு அந்த இரண்டு மணி நேரம்தான் தூங்குவார். மற்ற நேரமெல்லாம் போன் அவருடையது. அம்மா மட்டும் அவ்வப்போது மறந்துபோய் ஹாலில் ரிசீவரை எடுத்துவிடுவார். உடனே இணைப்பு அறுந்துவிடும்.

“கண்ணு, போன்ல ஆரோ கத்தறாங்க” என்று ஒருமுறை என் அறைக்கே வந்து சொன்னார். “பாவம், என்ன கஷ்டமோ... நீ பேசிப் பாரு.”

மொத்த உறுப்பினர்கள் பதினான்கு பேர். கம்ப்யூட்டரும் மோடமும் இருந்து, மதியம் இரண்டு மணிக்கு வேலையும் இல்லாதவர்கள் கோயமுத்தூரில் அத்தனை பேர் கிடைத்ததே அதிசயம்தான். எல்லாருமே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினார்கள். எல்லாருமே என்னை ஆண் என்று நினைத்தார்கள். ‘சிசாப் அண்ணா’, ‘சிசாப் சார்’. நான் திருத்தவில்லை. அண்ணாவாக இருப்பதில் சில வசதிகள் இருக்கின்றன... அதை இன்னொரு வாரம் சண்டைபோட்டுக்கொள்ளலாம்.

ஃபோரம் திறப்பதற்கு முன்பே பதினேழு விதிகள் எழுதி வைத்திருந்தேன். கெட்ட வார்த்தை கூடாது. தனிநபர் தாக்குதல் கூடாது. மூன்று முறை எச்சரித்தும் அடங்காதவர் நிரந்தரமாக நீக்கப்படுவார். ‘விவாத மேடை’ என்று தனிப் பகுதி திறந்து, போர் மூளும் என்று கையைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

முதல் தலைப்பு: கோயமுத்தூருக்கு இன்னொரு மேம்பாலம் தேவையா?

முதலாமவர் எழுதினார்: “தேவைங்க.”

இரண்டாமவர்: “அவரு சொல்றது சரிங்க.”

மூன்றாமவர்: “வேண்டாம்னு நெனச்சனுங்க. ரெண்டு பேரு வேணும்கறப்போ, வேணும்தானுங்க போல.”

விவாதம் முடிந்தது. பதினேழு விதிகளும் பிரிக்காத பட்டுப்புடவைபோல அப்படியே இருந்தன.

இது போதாதென்று விடைபெறுகிற பிரச்சினை வேறு. எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போவதில்லை. ‘வாரேனுங்க’ என்று சொல்லி, வீட்டுக்காரர் ‘சரிங்க, வாங்க’ என்று சொன்ன பிறகுதான் செருப்பைத் தேடுவது வழக்கம். ஃபோரத்திலும் அதையே செய்தார்கள். ‘வாரேனுங்க’ என்று டைப் செய்துவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்கள். நான் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தால் பதில் போட்டு அனுப்பிவைப்பேன். சாப்பிடப் போயிருந்தால்? அவர் அங்கேயே இருப்பார். அரை மணி நேரம். வெளியே பதின்மூன்று பேருக்கு எங்கேஜ்டு டோன் கேட்டுக்கொண்டிருக்கும்.

மூன்று மாதம் பொறுத்தேன். பிறகு எனக்கு அந்த யோசனை வந்தது. இன்று ‘ஃபேக் ஐடி’ என்கிறார்களே, அதேதான்.

பெயர், மெட்ராஸ் மணி. கம்பெனி மாற்றலில் கோயமுத்தூருக்கு வந்தவர். கல்யாணம் ஆகாதவர். ஏன் மெட்ராஸ் என்றால், இந்த ஊர்க்காரர் ஒருவர் முகத்துக்கு நேராக மறுத்துப் பேசுவார் என்பதை எங்கள் உறுப்பினர்கள் நம்பவே மாட்டார்கள். மெட்ராஸ் என்றால் எதையும் நம்புவார்கள்.

மணியின் முதல் பதிவு இதுதான்: “உங்க ஊர்ல எல்லாரும் சிறுவாணி சிறுவாணின்னு உயிரை விடறீங்களே, குடிச்சுப் பார்த்தேன். ஒரு டேஸ்ட்டும் இல்லை. குழாய்த் தண்ணி மாதிரிதான் இருக்கு.”

கோயமுத்தூர்க்காரரை நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அவர் தொழிலைக் குறை சொல்லலாம். அவர் பையனின் மார்க்கைக் கேட்கலாம். சிறுவாணித் தண்ணீரை மட்டும் எதுவும் சொல்லக் கூடாது.

மறுநாள் இரண்டு மணிக்கு மோடம் கத்த ஆரம்பித்தது, நான்கு மணி வரை ஓயவில்லை. பதினோரு பதில்கள். பரவசத்தோடு ஒவ்வொன்றாகப் படித்தேன். போர் வந்தேவிட்டதா?

“மணி சார் மெஸ்ஸுல சாப்புடறாருங்களோ என்னமோ” என்று எழுதியிருந்தார் ஆசிர்வாதம் சார். கல்லூரியில் கணக்கு வாத்தியார். எங்கள் ஃபோரத்தின் மூத்த உறுப்பினர். “மெஸ் சாப்பாட்டுக்கு நாக்கு மரத்துப்போயிருமுங்க. பாவம், அவரு மேல குத்தமில்லீங்க.”

மற்ற ஒன்பது பேரும் அதையே வழிமொழிந்து, பாவப்பட்டார்கள்.

பதினோராவது ஆள்தான் செல்வராஜ்.

செல்வராஜ் குடும்பத்துக்கு டவுன்ஹால் பக்கம் பம்ப்செட் கடை. மூன்று அண்ணன்களுக்குப் பிறகு பிறந்த நாலாவது பிள்ளை. கடைக் கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. அண்ணன்கள் மதியம் சாப்பிட வீட்டுக்குப் போகும் நேரத்தில் ஃபோரத்துக்கு வருவார். அதுவரை அவர் எழுதியதெல்லாம் ‘சரிங்க’ மட்டும்தான்.

அன்று எழுதினார்: “தண்ணிக்கு ருசி இருக்கக் கூடாதுங்க. ருசி இருந்தா அதுல என்னமோ கலந்திருக்குதுன்னு அர்த்தம். நீங்க சொல்றது தப்புங்க.”

தப்புங்க! நொய்யல் போர்டில் விழுந்த முதல் ‘தப்பு’. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

மணி விடுவாரா? “அப்போ ருசி இல்லைன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க” என்று மடக்கினார். செல்வராஜ் மறுநாள் முப்பது வரியில் வந்தார். எங்கள் பக்கத்து அரிசிம்பருப்புச் சோறெல்லாம் ஒரு சாப்பாடா என்று மணி கேட்டார். செல்வராஜ் ஐம்பது வரியில் வந்தார். கோயமுத்தூர் வெயிலில்லாத ஊர் என்பது பழைய கதை என்றார் மணி. செல்வராஜ் மூன்று நாள் தொடர்ந்து எழுதினார். நன்றாகவே எழுதினார். வாதத்தை அடுக்குகிற விதம், இடையில் ஒரு குத்தல், கடைசியில் ஒரு கேள்வி. பம்ப்செட் விற்கிற கைக்கு இத்தனை சூடா என்று எனக்கே ஆச்சரியம்.

மணி மட்டும் எப்படி ஒருநாளும் எங்கேஜ்டு டோனில் மாட்டுவதில்லை என்று ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. “அவருக்கு ராசிங்க” என்று மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். சிசாப்பே வீட்டிலிருந்து உள்ளே போய் எழுதலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒருவேளை தோன்றி, கேட்டால் நன்றாக இருக்காது என்று விட்டிருக்கலாம்.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஒரு மதியம் செல்வராஜ் உள்ளே வந்தார். அந்த மென்பொருளில் ஒரு வசதி... உள்ளே வந்தவர் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் என் திரையிலும் அப்படியே ஓடும். அவர் விவாத மேடைக்குப் போகவில்லை. தனி அஞ்சல் பகுதிக்குப் போனார். பெறுநர்: மெட்ராஸ் மணி.

எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார். இருபது நிமிடம் ஆயிற்று ஆறு வரிக்கு.

தாராபுரத்தில் ஒரு கிளை திறக்கப்போகிறார்களாம். அதைப் பார்த்துக்கொள்ள செல்வராஜைப் போகச் சொல்கிறார்கள் அண்ணன்கள். போனால் பத்து வருடமோ இருபது வருடமோ அங்கேதான். இவருக்கோ கடைகளுக்கு ஸ்டாக் புரோகிராம் எழுதித் தருகிற சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றைக் கோயமுத்தூரிலேயே ஆரம்பிக்க ஆசை. வீட்டில் இதைச் சொன்னதே இல்லை. ‘இங்க அல்லாரும் எது சொன்னாலும் சரிங்கறாங்க. நீங்க ஒருத்தருதான் எம் மூஞ்சிக்கு நேரா தப்புன்னு சொல்றீங்க. அதனால உங்களத்தான் நம்பறேன். நான் போறதா, வேண்டாமுங்களா?’

அதைப் படித்ததும் பயந்திருக்க வேண்டும். நான் பயப்படவில்லை. எனக்கு இருபத்து மூன்று வயது, ரொம்பக் கெட்டிக்காரி என்று வேறு நினைப்பு. இந்த மனுஷர் மணி கிழக்கு என்றால் மேற்கு என்பவராயிற்றே. அப்படியானால், போகாதே என்று சொல்ல வேண்டுமென்றால் என்ன எழுத வேண்டும்?

எழுதினேன்: “உனக்கெல்லாம் கம்பெனி எதுக்குய்யா? உன்னால முடியாது. பேசாம தாராபுரத்துக்குப் போய் பம்ப்செட் வித்துக்கிட்டு இரு.”

அனுப்பிவிட்டு, இப்போது கொதித்து எழுவார் பாருங்கள் என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

மறுநாள் உள்ளே வந்து அதைப் படித்துவிட்டுப் போன செல்வராஜ், அதன் பிறகு ஒரு வாரம் வரவில்லை. அண்ணன்களோடு பெரிய சண்டை நடக்கிறது போலிருக்கிறது, பலே, என்று சந்தோஷப்பட்டேன். என் சந்தோஷத்தைக் கெடுத்தது ஆசிர்வாதம் சாரின் அறிவிப்பு.

“வர்ற ஞாயித்துக்கெழமை நம்ம ஊட்டுல மதியச் சாப்பாடுங்க. மணி சாருக்காகத்தான். மெஸ்ஸுல தின்னு தின்னு நொந்துபோயிருப்பாரு. சர்ச்சுல ஆராதனை முடிஞ்சதும் நான் வந்துருவேன், அல்லாரும் ஒரு மணிக்கு வந்துருங்க. சிசாப் அண்ணா, நீங்க மணி சாரக் கையோட கூட்டிட்டு வரோணும்.”

வேறு ஊராக இருந்தால் மணியைத் திட்டியிருப்பார்கள். துரத்தியிருப்பார்கள். எங்கள் ஊரில் விருந்துக்குக் கூப்பிட்டார்கள். வருவதாக ஒரே நாளில் பத்துப் பேர் எழுதிவிட்டார்கள். பதினொன்றாவதாக ஒற்றை வரி: ‘நானும் வாரேனுங்க – செல்வராஜ்.’

ஞாயிற்றுக்கிழமை சாயிபாபா காலனிக்குப் பஸ் ஏறும்போது என்னிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. மணிக்குத் திடீரென்று மெட்ராஸுக்கே மாற்றல். நேற்றே ரயிலேறிவிட்டார். எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். முடிந்தது கதை.

கதவைத் திறந்தது ஆசிர்வாதம் சாரின் மனைவி, மேரி அக்கா.

“ஆரு வேணுமுங்க அம்மணி?”

“நான்தானுங்க சிசாப்.”

உள்ளே ஹாலில் பேச்சு நின்றது. பன்னிரண்டு ஆண்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு தரையைப் பார்த்தார்கள். இத்தனை மாதமாக அண்ணா அண்ணா என்று எழுதியதெல்லாம் ஒவ்வொருவர் மனதிலும் ஓடியிருக்கும். ஒருவர்கூட ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை.

“வெயில்ல வந்திருக்கறீங்க” என்றார் ஆசிர்வாதம் சார். “ஒக்காருங்க. தண்ணி குடிங்க.”

மேஜை மேல் ஒரு பித்தளைக் குடம். துலக்கித் துலக்கி மின்னியது. அதில் சிறுவாணித் தண்ணீர். மணி சாருக்காக. உள்ளிருந்து அரிசிம்பருப்புச் சோற்றின் வாசனை, நெய் மணத்தோடு வந்தது. அதுவும் மணி சாருக்காக.

“மணி சார் வரலீங்களா?”

ஜன்னலோரமாக நின்றிருந்த ஒல்லியான ஒருவர் கேட்டார். வெள்ளைச் சட்டை, கையில் பிரவுன் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம். நான் நினைத்ததைவிட வயது குறைவு. இருபத்தெட்டு இருக்கும். இவர்தான் செல்வராஜ் என்று கேட்காமலே தெரிந்தது.

நான் பொய்யைச் சொன்னேன். மாற்றல், ரயில், மன்னிப்பு... சரளமாக வந்தது.

எல்லாரும் ‘அடடா’ என்றார்கள். செல்வராஜின் முகம்தான் விழுந்துபோயிற்று. பக்கத்தில் வந்து, அந்தப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார்.

“அவரு அட்ரஸ் இருந்தா அனுப்பிப்போடுங்க. ஒரு வேட்டிதானுங்க. நான் அடுத்த திங்கக்கெழமை தாராபுரம் போறேன். அண்ணங்ககிட்டச் சரின்னு சொல்லிப்போட்டனுங்க.”

“நீங்க... அவரு சொன்னா எதுத்துத்தானே பேசுவீங்க?”

“தண்ணிக்குப் பேசுனதுங்க அது” என்றார். “இது என் விஷயமுங்க. முடியாதுன்னு ஒரு மனுசன் யோசிக்காமச் சொல்லுவாருங்களா? எனக்கே உள்ளுக்குள்ள அந்தப் பயம் இருந்துச்சு. அவரு கண்டுபுடிச்சுட்டாரு.”

கையில் அந்த வேட்டிப் பொட்டலம். பிடித்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. அவரிடம் மட்டும் காதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் மேரி அக்கா இலை போட ஆரம்பித்துவிட்டார். மணி சாருக்கென்று நடுவில் ஒரு இலையும் போட்டுவிட்டு, “வரலீன்னா என்னுங்க, அவரு பேரச் சொல்லிச் சாப்புடலாம்” என்றார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

“மணின்னு யாருமே இல்லைங்க” என்றேன். எல்லாருக்கும் கேட்கும்படி. “நான்தான் எழுதினேன். எல்லாமே. சிறுவாணி, அரிசிம்பருப்பு... செல்வராஜ் சாருக்கு வந்த கடிதமும் நான் எழுதினதுதான். அவர் கோபப்பட்டு அண்ணன்ககிட்டப் பேசுவார்னு நினைச்சு எழுதிட்டேன். முடியாதுன்னு நான் நினைக்கவே இல்லை. அவர் நல்லா எழுதுவார், நல்லா யோசிப்பார். மன்னிச்சிருங்க.”

எல்லாரும் மறுபடி தரையைப் பார்த்தார்கள்.

ஒருவர் எழுந்து என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அந்தப் பதினேழு விதிகளையும் காற்றில் பறக்கவிட்டு, வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கலாம். நான் காத்திருந்தேன்.

“சோறு ஆறிப்போகுதுங்க” என்றார் ஆசிர்வாதம் சார்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். என்னையும் உட்காரவைத்தார்கள். எனக்கு இரண்டாவது தடவை நெய் விட்டார்கள். போன மாதம் பொள்ளாச்சியில் தேங்காய் எப்படி விளைந்தது என்பதைப் பற்றிப் பேசினார்கள். செல்வராஜ் தலை நிமிராமல், இலையில் ஒரு பருக்கை மீதி வைக்காமல் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு எல்லாரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார். என்னிடமும் சொன்னார். வேட்டியைத் திரும்பக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை இரண்டு மணிக்கு மோடத்தைப் போட்டேன். யாரும் வரவில்லை.

செவ்வாய், வரவில்லை. புதன், வரவில்லை.

ஒரு வசவு இல்லை. விலகுகிறேன் என்று ஒரு வரி இல்லை. பதினான்கு பேரும் சொல்லி வைத்தாற்போல, என் மனம் நோகாமல், என் ஃபோரத்தைச் சாகவிட்டார்கள். எங்கள் பக்கத்து மரியாதைக்கு அவ்வளவு பலம் உண்டு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அழுகையாக வந்தது, அழுதேன். சும்மா கிடந்தவர்களைச் சண்டைபோட வைக்கிறேன் என்று கிளம்பி, ஒரு மனுஷரைத் தாராபுரத்துக்கு அனுப்பிவைத்தேனே என்றுதான் அழுதேன். ஃபோரம் போனதுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

வியாழக்கிழமை மோடத்தைக் கழற்றிவிட்டேன்.

சனிக்கிழமை மதியம், இரண்டே முக்கால் இருக்கும், போன் அடித்தது. அப்பா தூக்கத்தில் புரண்டார். ஓடிப்போய் எடுத்தேன்.

“சிசாப் அம்மணிங்களா? செல்வராஜ் பேசறனுங்க.”

திங்கட்கிழமை அவர் தாராபுரம் போக வேண்டும்.

“ஏனுங்க” என்றார். “ஒரு அஞ்சு நிமிசம் உங்களத் திட்டிக்கலாமுங்களா?”

“திட்டுங்க” என்றேன். “தாராளமாத் திட்டுங்க.”

மூச்சை இழுத்து விட்டுக்கொண்டார்.

“நீங்க பண்ணுனது... அத்தனை நல்லால்லீங்க.”

“சரிங்க.”

“சரின்னு சொல்லாதீங்க” என்றார். குரல் கொஞ்சம் ஏறியது. “சரின்னு சொன்னா எனக்கு எப்படீங்க கோவம் வரும்? இருவத்தெட்டு வருசமா அந்த ஒரு வார்த்தையச் சொல்லித்தானுங்க நான் கெட்டேன். எனக்கு என்ன வரும், என்ன வராதுன்னு சொல்றதுக்கு நீங்க ஆருங்க? இல்லாத ஒரு ஆளு ஆருங்க? மூணு அண்ணன் சொல்றது பத்தாதுன்னு நாலாவதா நீங்க ஒருத்தர உண்டுபண்ணி உட்டீங்க. நானும் அதை நம்பி, ராத்திரியெல்லாம் தூங்காம, ஆமா நம்மளால முடியாதுதான்னு...”

“மன்னிச்சிருங்க...”

“குறுக்கால பேசாதீங்க. சூடு போயிரும்.”

அவர் திட்டினார். ஐந்து நிமிடம் என்று கேட்டவர், பத்து நிமிடம் திட்டினார். என் கெட்டிக்காரத்தனத்தைத் திட்டினார். பம்ப்செட்டைத் திட்டினார். எனக்கு அந்தத் தொழில் பிடிக்காது, பிடிக்காது, பிடிக்காது என்று மூன்று முறை சொன்னார். நடுவில், “தாராபுரத்து மேல குத்தமில்லீங்க, அது நல்ல ஊருதான்” என்று அந்த ஊருக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டு மேலே திட்டினார். போகப் போக அவர் என்னைத் திட்டுகிற மாதிரியே இல்லை. பெரியண்ணன் பெயரை இரண்டு தடவை சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை.

நின்ற இடத்தில் எனக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சிரிப்பும் வந்துகொண்டிருந்தது.

சட்டென்று நிறுத்தினார். மூச்சு வாங்கியது.

“எப்படிங்க இருந்துச்சு?” என்று கேட்டார். “நல்லாத் திட்டுனனுங்களா?”

“ரொம்ப நல்லாத் திட்டினீங்க” என்றேன். சத்தியமாகச் சொன்னேன்.

“அப்பச் சரிங்க. போன வெச்சர்றேன். அண்ணங்க மூணு பேரும் இப்பத்தான் சாப்புட்டு வந்து ஒண்ணா ஒக்காந்திருக்கறாங்க. இதே சூட்டோட உள்ள போயர்றேன்.”

வைத்துவிட்டார்.

தாராபுரம் கிளை சொன்னபடி அந்தத் திங்கட்கிழமையே திறந்தது. கல்லாவில் உட்காரப் போனவர், இரண்டாவது அண்ணன்.